டிரெய்லர் பாரம்: அபராதத்துக்கு முன் எடை மேடை வேண்டும்

மாட்டு வண்டிக் காலத்தில் பாரத்துக்கு அளவு சொல்லத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. மூட்டை கூடினால் மாடு மேட்டில் நின்று விடும். வண்டிக்காரர் நாலு மூட்டையை இறக்கி ஓரமாக வைத்து விட்டு, அடுத்த நடையில் வந்து எடுத்துப் போவார். டிராக்டர் அப்படி நிற்பதில்லை. எட்டு டன் ஏற்றினாலும் புகையைக் கக்கிக் கொண்டு கிளம்பி விடுகிறது. இழுக்கிறதே, பிறகென்ன என்று நாமும் இருந்து விடுகிறோம். இழுக்கிற சக்தி வேறு, நிறுத்துகிற சக்தி வேறு என்பது இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரிகிறது.

டிராக்டரும் டிரெய்லரும் இன்று பெரிய பண்ணைக்காரர்களிடம் மட்டும் இல்லை. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் கூடக் கடன் வாங்கி டிராக்டர் எடுக்கிறார். தன் வேலை போக மற்ற நாட்களில் ஊரார் நெல்லையும் எருவையும் ஏற்றித் தவணை கட்டுகிறார். டிராக்டர் இல்லாதவர் நடைக்கு இவ்வளவு என்று பேசி வாடகைக்கு அமர்த்துகிறார். ஆக, டிரெய்லரில் எவ்வளவு ஏற்றலாம், அதை யார் ஓட்டலாம் என்ற கேள்வி சிறு விவசாயிகள் எல்லோரையும் தொடுகிறது. ஆனால் இதைப் பற்றி நம்மிடம் யாரும் விளக்கமாகப் பேசுவதில்லை. அபராதச் சீட்டு கைக்கு வரும்போது அல்லது விபத்து நடந்து கோர்ட் நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போதுதான் சட்டம் நமக்கு அறிமுகம் ஆகிறது. இந்த முறை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

மூன்று எடைகள்

டிரெய்லர் என்பது சட்டப்படி ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனி என்ஜின் இல்லாவிட்டாலும் தனிப் பதிவு, தனி எண், தனி ஆர்.சி. உண்டு. அந்த ஆர்.சி.யில் எடை பற்றி இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று வெற்று எடை. அதாவது சரக்கு எதுவும் ஏற்றாமல் வண்டி மட்டும் உள்ள எடை. இன்னொன்று மொத்த எடை. வண்டியும் சரக்கும் சேர்ந்து இதற்கு மேல் போகக் கூடாது என்று பதிவு அதிகாரி அனுமதித்த எடை. மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவது மூன்றாவது எடை. அதுதான் நாம் ஏற்றக் கூடிய பாரம்.

பலர் மொத்த எடையைப் பார்த்து விட்டு அவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று நினைத்துக் கொள்கிறார்கள். அது தவறு. உதாரணமாக, ஆர்.சி.யில் வெற்று எடை 1,500 கிலோ, மொத்த எடை 5,500 கிலோ என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஏற்றக் கூடிய சரக்கு 4,000 கிலோ மட்டுமே. பக்கப் பலகைக்கு மேல் இன்னொரு பலகை அடித்து உயர்த்தினால் பெட்டியில் இடம் கூடுமே தவிர, அனுமதித்த எடை ஒரு கிலோ கூடக் கூடாது. அச்சும் டயரும் பட்டையும் முன்பு இருந்தவைதானே!

கண்ணளவு ஏமாற்றும்

பெட்டி நிறைந்தால்தான் பாரம் நிறைந்தது என்பது நம் பழக்கம். சரக்குக்குச் சரக்கு இது மாறும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டி 120 கன அடி கொள்ளும். நெல் ஒரு கன அடி சுமார் 16 கிலோ இருக்கும். தலைதட்டி நிரப்பினாலும் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. வைக்கோலைத் தலைக்கு மேல் அடுக்கினாலும் எடையில் கவலையில்லை. உயரமும், சாய்வும், மின் கம்பியும்தான் அங்கே கவலை.

அதே பெட்டியில் ஏரி வண்டலை ஏற்றிப் பாருங்கள். ஈரமான வண்டல் ஒரு கன அடி சுமார் 48 கிலோ வரும். 120 கன அடிக்கு 5,760 கிலோ. மேலே சொன்ன டிரெய்லருக்கு இது 1,760 கிலோ அதிகம். தலைதட்டி ஏற்றினாலே இவ்வளவு. குவித்து ஏற்றினால் ஏழு டன்னை எட்டி விடும். மணலும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆற்று மணல் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, நாலரை டன் வரை இருக்கும். செங்கல் ஒன்று மூன்று கிலோ என்றால் ஆயிரம் கல் மூன்று டன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. 100 சிப்பம் போட்டால் சரியாக நாலு டன். நம் உதாரண டிரெய்லருக்கு அதுவே கடைசி எல்லை. நூற்று இருபது, நூற்று முப்பது என்று ஏற்றுவது வழக்கமாகி விட்டது.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பெட்டியின் உள்பக்கத்தில் பெயிண்டால் கோடு போட்டு வைத்துக் கொள்ளலாம். நம் உதாரணப் பெட்டியில் வண்டலோ மணலோ ஏற்றினால் ஒன்றேகால் அடி உயரத்தோடு நிறுத்த வேண்டும். அந்த உயரத்தில் ஒரு கோடு இருந்தால், மண் வெட்டிப் போடும் ஆளுக்கும், வாளியால் அள்ளிக் கொட்டும் பொக்லைன் டிரைவருக்கும் வாய்ப் பேச்சே வேண்டாம். அவரவர் பெட்டியின் அளவுக்கும் ஆர்.சி. எடைக்கும் தக்கபடி இந்தக் கோட்டைக் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும்.

நிறுத்துவது எது?

இரு சக்கர இழுவை உள்ள சாதாரண டிராக்டரில் பிரேக் இரண்டு பின் சக்கரங்களில் மட்டுமே உள்ளது. நம் ஊர்களில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. இரண்டு டன் எடையுள்ள டிராக்டரின் பின் சக்கரப் பிரேக்தான் ஐந்தரை டன் டிரெய்லரையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பாரம் கூடக் கூட, பிரேக் மிதித்த இடத்துக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் நீளும். வேகம் இரு மடங்கானால் அந்தத் தூரம் நாலு மடங்காகும்.

இறக்கத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. முன்னால் போகும் டிராக்டரைப் பின்னால் வரும் பாரம் தள்ளும். வளைவில் தள்ளினால் டிராக்டர் குறுக்கே திரும்பி மடங்கி விடும். பாலத்துச் சரிவிலும் ஏரிக்கரை இறக்கத்திலும் டிராக்டர் கவிழ்ந்தது என்ற செய்தி நாம் அடிக்கடி படிப்பதுதான்.

ஆகவே ரோட்டில் ஏறுமுன் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டியால் இணைத்து விட வேண்டும். வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்ததை அப்படியே விட்டு விட்டு ரோட்டில் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கொண்டு போகும். மேடு ஏற எந்த கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவதாகும். ஒற்றை அச்சு டிரெய்லரில் பாரத்தை முழுவதும் பின்பக்கம் குவித்தால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டர் பின் சக்கரத்தின் பிடிப்புக் குறையும். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவித்தால் டிராக்டரின் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் கேட்காது. பரவலாக ஏற்றி, அச்சுக்கு முன்னால் சற்றே கூடுதலாக இருக்கும்படி பார்த்துக் கொள்ள வேண்டும். டிரெய்லரைப் பூட்ட வேண்டிய இடம் அதற்கென்று உள்ள கீழ்க் கொக்கி. அதை விட உயரமான இடத்தில் பூட்டினால் முன்புறம் தூக்கிக் கொண்டு பின்னால் கவிழும் அபாயம் உண்டு.

சட்டம் சொல்வது

நாட்டில் இப்போது நடைமுறையில் உள்ளது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பதிவில் குறித்த மொத்த எடைக்கு மேல் பாரம் ஏற்றி வண்டியையோ டிரெய்லரையோ ஓட்டக் கூடாது என்று அதன் 113ஆவது பிரிவு சொல்கிறது. ஓட்டியவர் வேறு, வண்டிக்குச் சொந்தக்காரர் வேறு என்றால், சொந்தக்காரருக்குத் தெரிந்தே அல்லது அவர் சொல்லியே இது நடந்தது என்று கோர்ட் எடுத்துக் கொள்ளலாம் என்றும் அதே பிரிவில் உள்ளது. "டிரைவர் ஏற்றினான், எனக்குத் தெரியாது" என்ற பேச்சு அவ்வளவு எளிதாக எடுபடாது.

2019ஆம் ஆண்டு இச்சட்டம் திருத்தப்பட்டபோது அபராதங்கள் பல மடங்கு உயர்ந்தன. அதிக பாரத்துக்கு முன்பு இருந்த 2,000 ரூபாய் 20,000 ரூபாயாயிற்று. அதற்கு மேல், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. இறக்காமல் வண்டியை நகர்த்த விட மாட்டார்கள். எடை போட நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனால் 40,000 ரூபாய். மூன்று டன் அதிகம் என்றால் 26,000 ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போகத்து நெல்லில் சிறு விவசாயிக்கு மிஞ்சுவதை ஒரு நடை வண்டல் கொண்டு போய் விடும்.

யார் ஓட்டலாம்?

லைசென்ஸ் விஷயத்தில் பல ஆண்டுகளாக இருந்த குழப்பம் ஓரளவு தீர்ந்திருக்கிறது. வெற்று எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர், சட்டப்படி இலகு ரக மோட்டார் வாகனம். நம் டிராக்டர்கள் எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கி விடும். டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர், பின்னால் டிரெய்லர் பூட்டியதாலேயே லைசென்ஸ் இல்லாதவர் ஆகி விட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001ல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

சரக்கு வண்டிகள் பற்றிய சந்தேகம் மட்டும் தொடர்ந்து கொண்டிருந்தது. இலகு ரக லைசென்ஸ் உள்ளவர் சிறிய சரக்கு வண்டி ஓட்டினால் அதற்குத் தனியாகப் போக்குவரத்து வாகன அனுமதி வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வாதாடி வந்தன. வேண்டியதில்லை என்று 2017ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. அதையே 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸ் கொண்டே ஓட்டலாம். கிராமத்து இளைஞர்கள் பலருக்கு இது பெரிய ஆறுதல். இங்கேயும் எல்லையாக நிற்பது எடைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 7,500 கிலோவைத் தாண்டிய லாரிக்குப் போக்குவரத்து வாகன லைசென்ஸ் கட்டாயம். அதற்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும்.

கிராமங்களில் நடப்பது என்ன? மோட்டார் சைக்கிள் லைசென்ஸை மட்டும் வைத்துக் கொண்டு டிராக்டர் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அது டிராக்டருக்குச் செல்லாது. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பள்ளிக்கூடப் பையன் டிராக்டர் ஓட்டுவதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். 18 வயது நிறையாதவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வீட்டில் உள்ள ஒரே டிராக்டர் ஓராண்டு கொட்டகையில் நின்றால் அந்தக் குடும்பம் கடன் தவணையை எதைக் கொண்டு கட்டும்?

நிலத்துக்கே வரும் ஆபத்து

அபராதத்தை விடப் பெரிய பயம் விபத்து வழக்கில்தான் இருக்கிறது. ரோட்டில் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்ட ஈடு பல லட்சங்களில் இருக்கும். இன்ஷூரன்ஸ் முறையாக இருந்தால் கம்பெனி கொடுத்து விடும். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, விவசாயத்துக்கு என்று எடுத்த பாலிசியில் வேறு வேலைக்கு ஓட்டினார்கள் என்பது போன்ற காரணங்கள் கிடைத்தால் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி பணம் கொடுத்து விட்டுப் பின்னர் அதை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று தீர்ப்பாவதும் உண்டு. அப்படி வர வேண்டிய தொகையை நில வரி பாக்கியை வசூலிப்பது போல கலெக்டர் மூலம் வசூலிக்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது. இரண்டு ஏக்கர் நிலம் இதற்கு எம்மாத்திரம்?

ஆகவே பாலிசியை எடுத்துப் பார்க்க வேண்டும். டிராக்டர் எண்ணோடு டிரெய்லர் எண்ணும் அதில் இருக்கிறதா? விவசாய வேலைக்கு மட்டும் என்று உள்ளதா, வாடகைக்கும் சேர்த்தா? விவசாயத்துக்கென்று உள்ள டிராக்டரில் பூட்டிய டிரெய்லரும், வேறு விதமாகப் பதிவு செய்திருந்தாலொழிய, விவசாயத்துக்குரியதே என்று 2004ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வியாபாரத்துக்காகக் காய்கறி கொண்டு செல்வதைக் கூட அது விவசாய வேலையாக ஏற்கவில்லை. அப்படியிருக்க, கட்டட வேலைக்குச் செங்கல்லும் ஜல்லியும் வாடகைக்கு ஏற்றுகிறவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

பாரத்தின் மேல் ஆட்களை ஏற்றுவதும் இதில் சேர்ந்ததே. நடவுக்குப் போகும் பெண்கள், கரும்பு வெட்டும் ஆட்கள், கோவில் திருவிழாக் கூட்டம் என்று டிரெய்லரில் நிறைத்துக் கொண்டு போகிறோம். டிராக்டரில் ஓட்டுகிறவருக்கு மட்டுமே இருக்கை உண்டு. சரக்கு வண்டியில் இனாமாக ஏறிச் செல்பவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று 2002ல் தீர்ப்பு வந்து விட்டது. கூலிக்கு வந்த ஏழைப் பெண் விழுந்து இறந்தால் அவள் பிள்ளைகளுக்கும் நாதியில்லை. வண்டி வைத்திருப்பவருக்கும் தப்ப வழியில்லை.

இயந்திரங்களை ஏற்றும்போது

இப்போது பவர் டில்லர், ரோட்டவேட்டர், மினி டிராக்டர் என்று கருவிகளையும் ஊர் விட்டு ஊர் ஏற்றிச் செல்கிறோம். நாம் குட்டி யானை என்று அழைக்கும் சிறு வண்டியில் ஏற்றக் கூடியது சுமார் 750 கிலோ. பவர் டில்லரை அதில் தாராளமாகக் கொண்டு போகலாம். மினி டிராக்டரே 800 கிலோவை ஒட்டி இருக்கும். ரோட்டவேட்டரையும் மாட்டினால் எல்லை தாண்டி விடும். செயின் வைத்த நெல் அறுவடை இயந்திரம் மூன்று டன்னுக்கு மேல் போகும். அதை ஏற்றி வரும் லாரி 7,500 கிலோ எல்லையைத் தாண்டியதா என்று ஆர்.சி.யைப் பார்த்து, அதற்கேற்ற லைசென்ஸ் உள்ளவரை அமர்த்த வேண்டும். கருவியின் எடை அதனுடன் வரும் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும்; விற்பனையாளரிடம் கேட்டாலும் சொல்வார்.

குறை யாரிடம்?

இவ்வளவும் சொன்ன பிறகு, தவறெல்லாம் விவசாயியுடையதுதான் என்று முடித்து விடுவது நியாயமில்லை. அதிக பாரம் ஏற்றும் ஆசையை வளர்ப்பது வாடகை பேசும் முறைதான். எரு, வண்டல், செங்கல் எல்லாம் நடைக் கணக்கில் பேசப்படுகின்றன. 12 டன் வண்டலை நாலு டன் வீதம் மூன்று நடை அடிக்கலாம். ஆறு டன் வீதம் இரண்டு நடையிலும் முடிக்கலாம். வாடகை கொடுக்கும் விவசாயி இரண்டு நடையையே விரும்புவார். வண்டிக்காரருக்கும் அடுத்த வாடகைக்குப் போக வேண்டும். இருவரும் சேர்ந்து மிச்சம் பிடிக்கும் அந்த ஒரு நடைக் கூலிக்காக டயர், பேரிங், அச்சு, கிளட்ச் எல்லாம் தேய்கின்றன. ஊர்ச் சாலையும் பாழாகிறது. டன் கணக்கில் வாடகை பேசும் பழக்கம் வந்தால் இந்த ஆசை தானாகக் குறையும்.

டன் கணக்கில் பேசுவதற்குத் தராசு வேண்டுமே! விவசாயி தன் வயலுக்குப் பக்கத்தில் எங்கே எடை போடுவார்? கரும்புக்கு முதல் எடை ஆலை வாசலில்தான் கிடைக்கிறது. முப்பது கிலோமீட்டர் ஆபத்தைக் கடந்து வந்த பிறகு, பணம் கொடுப்பதற்காகப் போடும் எடை அது. சந்தேகப்பட்ட வண்டியை, போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் எடை மேடை இருந்தால் அங்கே கொண்டு போய் எடை போடச் சொல்லலாம் என்று அதிகாரிக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. தண்டிப்பதற்கு எடை மேடை தேடும் சட்டம், தவறு செய்யாமல் இருப்பதற்கும் ஓர் எடை மேடை காட்ட வேண்டாமா?

அபராத முறையிலும் குறை இருக்கிறது. அரை டன் கூடுதலாகப் போன டிரெய்லருக்கும், பத்து டன் கூடுதலாகப் போன பெரிய லாரிக்கும் அடித் தொகை ஒரே 20,000 ரூபாய்தான். லாரிக் கம்பெனிக்கு அது ஒரு நாள் செலவு. சிறு விவசாயிக்கு வருஷ வருமானத்தில் ஒரு பங்கு. தொகை பெரிதாக இருப்பதாலேயே கீழ் மட்டத்தில் பேரம் நடக்க இடமுண்டாகிறது. பெரும்பாலான நாட்களில் யாரும் கேட்பதில்லை. என்றோ ஒரு நாள் பிடிபட்டவர் மட்டும் முழுகிப் போகிறார். இதனால் சட்டத்தின் மேல் பயமும் வளரவில்லை, மதிப்பும் வளரவில்லை.

"விவசாயி என்றால் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டு விட வேண்டியதுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். அதை ஏற்க முடியாது. டிரெய்லருக்கு அடியில் சிக்குகிறவர்களும் பெரும்பாலும் கிராமத்து ஜனங்களே. சைக்கிளில் பால் கொண்டு போகிறவர், பள்ளிக்கூடம் போகும் குழந்தை, இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரில் மோதும் மோட்டார் சைக்கிள்காரர், இவர்களும் நம்மவர்தானே. எடை வரம்பைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. அதைக் கடைப்பிடிக்க வசதி செய்து கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளிலும் எடை மேடை அமைத்து, விவசாயிகளின் டிரெய்லர்களைக் கட்டணம் இல்லாமல் எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். அங்கே போடும் எடை எச்சரிக்கைக்காக இருக்க வேண்டும். அபராதத்துக்காக இருக்கக் கூடாது. கரும்பு ஆலைகளும் தங்கள் கோட்ட அலுவலகங்களில் இதைச் செய்யலாம்.

இரண்டாவதாக, ஒவ்வொரு டிரெய்லரின் பக்கப் பலகையிலும் "ஏற்றக் கூடிய பாரம் இத்தனை கிலோ" என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதச் செய்ய வேண்டும். லாரிகளின் பக்கத்தில் எடைகளைச் சுருக்கெழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்போம். அந்த இங்கிலீஷ் எழுத்துக்கள் மூட்டை தூக்கும் ஆளுக்குப் புரியாது. படித்துப் புரிந்தால்தான் "போதும், நிறுத்து" என்று அவரும் சொல்வார்.

மூன்றாவதாக, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வருஷத்தில் சில நாட்களாவது பெரிய கிராமங்களில் முகாம் போட்டு, டிராக்டர் லைசென்ஸ், டிரெய்லர் பதிவு இரண்டையும் அங்கேயே முடித்துத் தர வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் செய்த டிரெய்லர் பல இடங்களில் பதிவே இல்லாமல் ஓடுகிறது. அவற்றைச் சோதித்து, தேறியவற்றுக்கு எடை குறித்துப் பதிவு கொடுத்து, தேறாதவற்றைச் சரி செய்யத் தவணை கொடுப்பதே முறை. ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்து நாலு நாள் அலைய வைத்தால் யாரும் வர மாட்டார்கள்.

நான்காவதாக, விவசாய டிரெய்லர்களுக்கு அபராதத்தைக் கூடுதல் எடைக்குத் தக்கபடி படிப்படியாக அமைக்க வேண்டும். முதல் தடவை சரக்கை இறக்கி எச்சரித்து அனுப்பலாம். மறு தடவையும் மீறுகிறவருக்கு, இரண்டு பங்கு பாரம் ஏற்றுகிறவருக்குக் கடுமை காட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இது மத்திய அரசின் சட்டம் என்பதால் நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் விவசாய சங்கங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்.சி.யை எடுத்து இரண்டு எடையையும் படித்து, கழித்து, வரும் எண்ணைப் பெட்டியில் எழுதி வைப்பதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும். சிவப்பு ஒளிப் பட்டை ஒட்ட ஆகும் செலவு ஒரு நடை வாடகை கூட இராது. ஓட்டுகிறவரின் லைசென்ஸையும் பாலிசியின் தேதியையும் அறுவடை துவங்கும் முன் ஒரு முறை பார்த்து விட வேண்டும். வாடகைக்கு அமர்த்துகிறவர் "இன்னும் பத்து மூட்டை போடு" என்று வற்புறுத்தக் கூடாது. அந்தப் பத்து மூட்டைக்கு நாம் மிச்சம் பிடிப்பது கொஞ்சம். அண்டை வீட்டுக்காரர் தன் டிராக்டரையும் நிலத்தையும் அதில் பணயம் வைக்கிறார்.

மாடு நின்றால் நாம் புரிந்து கொண்டோம். டிராக்டர் நிற்காது, நாம்தான் நிறுத்திக் கொள்ள வேண்டும்.